தெவிட்டிய நீர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

தெவிட்டாத தேன், தெவிட்டாத தமிழ் என்று மேடைகளில் கேட்டுப் பழகிய நமக்கு, வேதியியல் நூலில் 'தெவிட்டிய கரைசல்' என்னும் சொல்லைக் கண்டதும் சற்றே வியப்புத் தோன்றும். தண்ணீருக்கும் தெவிட்டுமா? தெவிட்டும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பை உண்ணும். அதற்குமேல் ஒரு கரண்டி போட்டாலும் அடியில் கிடக்குமே தவிரக் கரையாது. தமிழ்வழியில் படித்து வந்த எனக்கு, வகுப்பில் 'சாச்சுரேட்டட்' என்று கேட்டபோது பிடிபடாத பொருள் இந்த ஒரு சொல்லில் பிடிபட்டது.

என் பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல். "அங்கன என்னல படிக்க?" என்று அம்மா கேட்டபோது, "உப்பு தண்ணியில கரையிறதப் பத்தி" என்றேன். "அதுக்கா பஸ்ஸுக்குக் காசு குடுத்துப் போற?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை.

செறிவான கரைசலும் தெவிட்டிய கரைசலும் ஒன்றே என்று நம்மில் பலர் தேர்வில் எழுதிவிடுகிறோம். அளத்தில் சில நாள் நின்று பார்த்தால் அந்தக் குழப்பம் வராது. ஒரு கிலோ கடல் நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 35 கிராம். அதனைத் தெப்பத்தில் நிறுத்தி வெயிலுக்கும் காற்றுக்கும் விடுகிறார்கள். தொடக்கத்தில் நீர் 3 டிகிரி. (இந்த டிகிரி வெப்பத்தினுடையது அன்று, நீரின் கனத்தைச் சொல்வது.) 13 டிகிரியைத் தாண்டியதும் ஜிப்சம் படியத் தொடங்கும். 100 கிராம் நீரில் கால் கிராம் அளவுக்கே கரையக்கூடிய பொருள் அது. ஆகவே ஜிப்சத்தைப் பொறுத்தமட்டில் அந்த நீர் தெவிட்டிவிட்டது. சோற்றுப்பைப் பொறுத்தமட்டில் இன்னும் பசியோடு இருக்கிறது! கடல் நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டி 25 டிகிரியை எட்டும்போதுதான் பாத்தியில் உப்பு பூக்கும்.

இதற்கு வெயிலில் இத்தனை நாள் காய்வானேன், சூடாக்கிக் குளிரவைத்தால் போதாதா என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வெடியுப்பாக இருந்தால் போதும். 100 கிராம் நீரில் 0 டிகிரியில் 13 கிராம் கரையும் அது, கொதிநிலையில் 240 கிராமுக்கு மேல் கரைகிறது, குளிர்ந்தால் கொட்டிவிடும். சோற்றுப்போ 0 டிகிரியில் 35.7 கிராம், 100 டிகிரியில் 39 கிராம், அவ்வளவே வேறுபாடு. நீரை விரட்டினாலொழிய உப்பு கிடைக்காது. கரைதிறன் வரைபடத்தில் படுத்துக் கிடக்கும் அந்த ஒரு கோடுதான் என் பெற்றோரை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறது. மழைநீரோ பசியின் உருவம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, லிட்டருக்கு 360 கிராம் என்று கணக்கிட்டால் உப்பு அம்பாரங்கள் என்னவாகும் என்பது புரியும்.

இனி, நான் சொல்ல வந்த செய்தி. நீர் 29 டிகிரியைத் தாண்டினால் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் மெக்னீசிய உப்புகள். அந்தக் கசப்புத் தண்ணீரை உரிய நேரத்தில் வெட்டி வெளியேற்றாவிட்டால், உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், விலை போகாது. பழியோ வாருபலகை பிடித்தவர்கள் மேல் விழும். நீர்மானி கணக்கப்பிள்ளையின் கையில் மட்டுமே இருக்கும். போன ஆண்டு எங்களவர்க்கு அப்படிக் கூலி பிடித்தார்கள். "நீ சொன்ன அன்னைக்கித்தான தண்ணிய வெட்டுனோம்" என்று அம்மா சொன்னதற்கு, "டிகிரி உனக்குத் தெரியுமா?" என்பதே விடையாயிற்று.

அம்மாவுக்குக் கண் பார்வையிலேயே எல்லாம் தெரியும் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் உண்மையாகாது. உப்பு பூக்கும் பருவத்தை அவள் நீரின் மினுக்கிலேயே சொல்வாள். 27-க்கும் 29-க்கும் வேறுபாடு அவள் கண்ணுக்கும் தெரியாது, யார் கண்ணுக்கும் தெரியாது.

அந்த நீர்மானியின் அளவுகோலை 1768-இல் வகுத்தவர் பிரெஞ்சு நாட்டு மருந்தாளுநர் அந்துவான் போமே. அவர் பயன்படுத்தியது சமையல் உப்பைத்தான். தூய நீரில் மிதக்கும் இடம் 0. பதினைந்து பங்கு உப்பும் எண்பத்தைந்து பங்கு நீரும் கலந்த கரைசலில் மிதக்கும் இடம் 15. இடையே பதினைந்து சம பாகம். அதே அளவில் கீழே தொடர வேண்டியதுதான். இதைப் படித்த அன்றே பருத்த உறிஞ்சுகுழல் ஒன்றில் வலைக்குக் கட்டும் ஈயத் துண்டுகளை இட்டு, மெழுகால் அடைத்தேன். 15 சென்டிமீட்டர் ஆழம் மூழ்கும்படி ஈயத்தைக் கூட்டிக் குறைத்ததில் ஒரு மாலை போயிற்று. ஆய்வகத் தராசில் உப்பை நிறுக்க ஆசிரியர் இசைந்தார். டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர் வந்தது. உள்ளே வரைதாள் ஒட்டி, 25-இல் பச்சைக் கோடும் 29-இல் சிவப்புக் கோடும் போட்டேன். அம்மாவுக்கு எண் படிக்க வராது.

கோடை விடுமுறையில் அளத்தில் வைத்துப் பார்த்தோம். கணக்கப்பிள்ளையின் கருவிக்கும் எங்கள் குழலுக்கும் ஒரு டிகிரி வேறுபாடு. முதலில் சிரித்தவர் பிறகு சிரிக்கவில்லை. அம்மா அதனைத் தூக்குச்சட்டிப் பையில் போட்டுக்கொண்டு போகிறாள். சிவப்புக் கோடு வெளியே தெரிந்ததும் நாலு பேர் கேட்கக் குரல் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. பிடித்த கூலி இதுவரை திரும்பி வரவில்லை. பக்கத்துப் பாத்திச் சித்திக்கும் இன்னும் இருவருக்கும் குழல் வேண்டுமாம். மழை முடிந்து தை மாதம் வேலை தொடங்குமுன் செய்து தரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.