வளைவில் சுழன்ற கதை

பிறரைக் கோழையென்று சொல்லிவிடுவது மிக எளிது. நாமும் சொன்னோம், அதுவும் பலர் முன்னிலையில்.

நம் தமக்கையின் மகன் சிப்பாங்கில் கார்ட்டுப் பந்தயம் ஓட்டுகிறவன். வளைவு தோறும் அவன் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துப் பின்தங்குவதைக் கண்டு, "உன் அச்சமே உன்னைத் தோற்கடிக்கிறது" என்று கடிந்தோம். அவன் கோபிக்கவில்லை. "மாமா, ஒரு முறை நீங்களே ஓட்டிப் பாருங்கள்" என்றான்.

மோட்டார் ஓட்டி முப்பதாண்டு பழகிய இறுமாப்போடு வாடகை வண்டியொன்றில் அமர்ந்தோம். மூன்றாம் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியவாறே பிரேக்கையும் அழுத்தினோம். வண்டி பம்பரமெனச் சுழன்று, வந்த வழியையே நோக்கி நின்றது!

1956-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பார், புல்வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரைப் பூட்டி முதல் கார்ட்டைச் செய்தாராம். விளையாட்டுப் பொருள்தானே என்று நினைத்தது நம் பிழை. இவ்வண்டிக்கு வில் இல்லை. பின்சக்கரம் இரண்டும் ஒரே இருசில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்வன. வளைவிலோ வெளிச்சக்கரம் நெடுவழி போகவேண்டும். உட்சக்கரத்திற்குக் குறுவழி போதும். இரண்டும் தரையைப் பற்றி நின்றால் வண்டி திரும்ப மறுத்து நேரே ஓடப் பார்க்கும். ஆகவே ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்புற உட்சக்கரம் கீழே அழுந்தி, பின்புற உட்சக்கரம் சற்றே மேலெழும்படி அமைத்திருக்கிறார்கள். டயரின் பிடிப்புக் குறைந்தால் அது எழாது, வண்டி வழுக்கும். பிடிப்பு மிஞ்சினாலும் தொல்லையே: வண்டி துள்ளும், மோட்டார் திணறும்.

"டயரின் பிடிப்பு கையிலுள்ள ஒரு வெள்ளி மாதிரி, மாமா. பிரேக்கிற்கே முழுவதையும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு என்ன மிஞ்சும்?" என்றான் பையன். நேர்வழியிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு பிரேக்கை விட்டுத் திரும்ப வேண்டும். வளைவின் உள்விளிம்பைச் சற்றுத் தாமதித்தே தொட வேண்டும். அப்படித் தொட்டால் வெளியேறும் வழி நேராகி, வேக மிதியைத் துணிந்து அழுத்தலாம். இரண்டாம் முறை அவ்வாறே செய்தோம். வண்டி சொன்னபடி கேட்டது.

அதன்பின் அவனுடைய சொந்த வண்டியின் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தோம். நகம் பதியவேயில்லை. பலமுறை சூடேறி ஆறிய ரப்பர் இறுகிவிடுமாம். மற்றப் பிள்ளைகளின் டயரோ புதியவை. இறுகிப்போன ரப்பருக்கு எவ்வளவு பிடிப்பு உண்டென்று கணக்கிட்டே அவன் முன்கூட்டிப் பிரேக் பிடித்திருக்கிறான். அதற்குத்தான் நாம் அச்சமென்று பெயர் வைத்தோம்! ரப்பர் மரம் சீவிய தந்தைக்குப் பிறந்து, பால் வாசனையிலேயே வளர்ந்தவர் நாம். பந்தய டயரில் இன்று செயற்கை ரப்பரே மிகுதி என்பது வேறு விஷயம்.

"புது டயர் வேண்டுமென்று ஏன் கேட்கவில்லை?" என்றோம்.

"அம்மாவிடம் இல்லை. உங்களிடம் கேட்கக் கூச்சமாயிருந்தது."

முன்பு நாம் கடிந்தபோது சிரித்தவர்கள் இன்னும் அங்கேயே அமர்ந்திருந்தனர். அவர்களிடம் சென்று, சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். நாம் திரும்பி வந்தபோது பையன் குனிந்து டயரின் காற்றை அளந்துகொண்டிருந்தான்.