லைன் கட்

ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டேன். தாத்தா பதிவு செய்துவைத்த 43 கேசட்டுகள். இரைச்சலை நீக்கி, சின்னக் கோப்புகளாக வெட்ட வேண்டும். என் லேப்டாப்புக்கு அந்தத் தெம்பு கிடையாது. நண்பனின் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து கட்டளையைத் தட்டிவிட்டுப் படுத்தேன். மறுநாள் பதினாறாம் நாள் காரியம்.

"தாத்தா சத்தம் கேக்குமாய்யா?" என்றாள் ஆச்சி.

"ஓடிக்கிட்டு இருக்கு ஆச்சி."

ஒரு மணி வாக்கில் கரண்ட் போயிருக்கிறது. வைஃபை போனது, இணைப்பு அறுந்தது. காலையில் பார்த்தால் ஒன்பதாவது கேசட்டோடு நின்றிருந்தது. ஸ்கிரிப்ட்டில் ஒரு பிழையும் இல்லை.

அந்தக் காலத்தில் தூரத்துக் கணினியோடு மோடம் போட்டு, போன் லைன் வழியாகப் பேசுவார்கள். லைன் கட்டானால், 'போனை வெச்சுட்டாங்க' என்று ஒரு சிக்னல் போகும். அதன் பெயர் சிக்ஹப், எண் 1. அது வந்ததும் செத்துப்போவதுதான் புரோகிராம்களின் வழக்கம். மோடம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை.

கட்டளைக்கு முன்னால் 'நோஹப்', கடைசியில் ஆம்பர்சண்ட் குறி போட்டிருந்தால் போதும். நோஹப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்த சிக்னலைக் காதில் போட்டுக்காதே என்று புரோகிராமுக்குச் சொல்லி அனுப்பும், அவ்வளவுதான். திரையில் வர வேண்டியது நோஹப்.அவுட் என்ற கோப்பில் சேரும். வெறும் ஆம்பர்சண்ட் பின்னணிக்குத் தள்ளும், காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. நான் பல வருஷம் நம்பினேன்.

ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டால்? கண்ட்ரோல்-இசட், 'பிஜி', பிறகு 'டிஸோன்'. டிஸோன் என்றால் 'இவன் என் பிள்ளை இல்லை' என்று கைகழுவுவது. பெற்ற ஷெல் கைகழுவினால்தான் பிள்ளை பிழைக்கும். அப்புறம் ஷெல் செத்தாலும், பெரும்பாலும் 1ஆம் எண் புராசஸ் அதை எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட பிள்ளைக்கு யுனிக்ஸில் வைத்த பெயரே 'அநாதை'தான். துக்க வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கக் கூடாது.

மிச்சம் 34 கேசட்டுகளை டிமக்ஸுக்குள் ஓடவிட்டேன். அது சர்வரிலேயே திறந்திருக்கும் அறை மாதிரி. நான் வெளியே வந்தாலும் உள்ளே விளக்கு எரியும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போய்ப் பார்க்கலாம்.

மதியம் இலை எடுத்த பிறகு, முடிந்திருந்த ஒன்பதில் ஏழாவதைப் போட்டேன். தாத்தா பாடச் சொல்லிக் கெஞ்சுகிறார். பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல்: "அந்த மெஷினை அமத்துங்க மொதல்ல."

ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மிச்சம்?" என்றாள்.

"ஓடிக்கிட்டு இருக்கு ஆச்சி."