அத்தை மகனுக்கும் கதவடைப்பு!

உத்திரமேரூர் என்று ஓர் ஊர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகளைப் பெருமையாகக் காட்டுவார்கள். 921-ம் ஆண்டு விதி ஒன்று மட்டும் உறுத்தும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. சரிதான். அவருடைய அத்தை மகன், மாமன் மகன் பெயரும் கூடாதாம்!

இணையத்தின் காவல்காரனான ஃபயர்வாலும் இப்படித்தான். வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்பியவர் முகவரி இருக்கும். பழைய ஐபி முறையில் அது 32 பிட். அதன்மேல் வைக்கும் மாஸ்க்கும் 32 பிட்தான். 1 இருக்கும் இடத்தைப் பார், 0 இருக்கும் இடத்தை மூடிவிடு. மிஞ்சுவது விதியில் உள்ள எண்ணோடு பொருந்தினால் தடை.

203.0.113.25-லிருந்து தொல்லை என்று வையுங்கள். 32 இடத்திலும் 1 போட்டால் அந்த ஒருவர் மட்டும் மாட்டுவார். 255.255.255.0 என்று மாஸ்க் போட்டால் கடைசி 8 பிட் மறைந்துவிடும். 25-ம் 200-ம் ஒன்றாகவே தெரியும். 256 முகவரிகளுக்கும் கதவு சாத்தப்படும். பாவம், அத்தை மகன்கள்!

மாஸ்க்கை முழுதாக இறுக்கினாலும், ஒரே முகவரியில் பலர் குடியிருந்தால் தப்பில்லை. 2003-ல் யாஹூவில் ஒரேயொரு குழுவை முடக்க மத்திய அரசு உத்தரவிட்டது. இணைய நிறுவனங்கள் ஐபி முகவரியையே மறித்தன. இந்தியாவில் பலருக்கு யாஹூ குழுக்கள் எதுவுமே திறக்கவில்லை.