'நீ எழுதினதைப் படிச்சுத்தான் பாப்பா கட்டினேன்!' - அப்பாவின் மீன் தொட்டியும் என் 5 டிப்ஸும்

"பாப்பா, இன்னிக்கு மூணு."

காலை 6 மணிக்கு அப்பாவின் போன். முந்தின நாள் ஐந்து. அதற்கு முந்தின நாள் நாலு. சென்னையில் ஹாஸ்டல் கட்டிலில் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவர் குரலில் இருந்தது வருத்தமா குற்றவுணர்ச்சியா என்று அப்போது புரியவில்லை.

எங்கள் ஊர் கான்சாபுரம். வத்திராயிருப்புப் பக்கம். 2025-ல் ரீல்ஸில் 'கூமாப்பட்டி' உலகப் புகழ் பெற்றதே, அதற்குப் பக்கத்து ஊர் என்றால் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மேற்கே மலை, பிளவக்கல் அணை, சுற்றி தென்னந்தோப்பு. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். போன வருஷம் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 'வெயிட் தூக்கக் கூடாது, டென்ஷன் ஆகக் கூடாது' என்று டாக்டர் சொன்னதும், 31 வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேச்சும் குறைந்துபோனது.

பொங்கல் முடிந்ததும் கொல்லையில் பழைய மாட்டுத்தொழுவம் இருந்த இடத்தில் சிமென்ட் தொட்டி ஒன்று கட்டியிருப்பதாக அம்மா சொன்னாள். 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம். கணக்குப் போட்டால் சுமார் 2,200 லிட்டர். ராஜபாளையம் போய் 40 தங்கமீன் வாங்கி வந்தாராம். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா சத்தமாகச் சிரித்ததாக அம்மா சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அது ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அப்பா ஒரு நோட்டைக் காட்டினார். டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு, தேதி, 'ஏறியது', 'இறங்கியது', 'இருப்பு'. 9 நாளில் 29 இறங்கியிருந்தது. இருப்பு 11.

"என்னப்பா தப்பு பண்ணீங்க?" என்று கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டுவிட்டேன்.

"நீ எழுதினதைப் படிச்சுத்தான் பாப்பா கட்டினேன்" என்றார். செல்போனில் சேவ் செய்து வைத்திருந்த பக்கத்தையும் காட்டினார். 'வீட்டிலேயே தங்கமீன் வளர்க்கலாம்... ஈஸியான 5 டிப்ஸ்!' கீழே என் பெயர்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இணையதளத்துக்காக எழுதியது. ஒரு மதியம், சாப்பாட்டுக்கு முன் 40 நிமிஷத்தில், நாலு பக்கங்களைப் பார்த்து ஐந்து டிப்ஸாக்கியது. நான் அதுவரை ஒரு மீன்கூட வளர்த்ததில்லை. 'தொட்டி கட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டால் போதும்' என்று எழுதியிருந்தேன். அந்த 'போதும்' என்ற வார்த்தையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மறுநாள் ராஜபாளையத்தில் மீன் கடை வைத்திருக்கும் தம்பியைப் பார்த்தேன். சென்னை கொளத்தூரிலிருந்துதான் சரக்கு எடுப்பதாகச் சொன்னார். தமிழ்நாட்டில் வண்ணமீன் வியாபாரம் என்றாலே கொளத்தூர்தானே! நான் கொண்டுபோன பாட்டில் தண்ணீரில் ஒரு பேப்பர் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தார். பி.ஹெச். 9.

"கட்டி எத்தனை நாள் கழிச்சு மீன் விட்டாங்க அக்கா?"

"அஞ்சு நாள்."

தலையில் கை வைத்துக்கொண்டார்.

புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அதுவே மீனுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய வில்லன் அமோனியா. மீன் மூச்சுவிடும்போது செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சம் விழும் தீனி அழுகினாலும் அதே அமோனியாதான். பழகிய குளமென்றால் சுவரிலும் கல்லிலும் படிந்திருக்கும் நல்ல பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் கிடையாது. அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். கண்ணுக்குத் தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும். உள்ளே விஷம்.

இரண்டு கெடுதலும் ஒன்றோடு ஒன்று கூட்டுச் சேர்வதுதான் கொடுமை. 25 டிகிரியில் பி.ஹெச். 7 என்றால், இருக்கும் அமோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். 9-க்கு ஏறினால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். அப்பாவின் மீன்கள் மாட்டிக்கொண்டது இதில்தான். போதாததற்கு அம்மா பாசத்தில் தினமும் இட்லி பிட்டுப் போட்டிருக்கிறாள்.

மிச்சமிருந்த 11 மீன்களையும் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினோம். கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, ஊற்றினோம். (குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக மருந்து விட வேண்டும், அதையும் என் டிப்ஸில் சொல்லவில்லை.) மூன்று நாள் தீனி கிடையாது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். கடைக்காரத் தம்பி தன் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கொடுத்தார். பார்க்க அழுக்காக இருந்தது. "கழுவிராதீங்கக்கா, அந்த அழுக்குலதான் பாக்டீரியா இருக்கு. சும்மா கொடுக்குறேன், அப்பாவுக்கு" என்றார். நைட்ரைட் ஏறும் வாரங்களில் லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல் உப்பு கரைத்துவிடச் சொன்னதும் அவர்தான். உப்பிலிருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்குமாம்.

சிமென்ட் தொட்டிக்கு வைத்தியம் சொன்னது, அதைக் கட்டிய கொத்தனார் மாமா. "அத்தானுக்கு அவசரம். நான் சொன்னதை எங்க கேட்டாரு?" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குலை வெட்டின வாழை மரத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். ஒரு வாரம் ஊறி அழுகியதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, மறுபடி வாழை, மறுபடி தண்ணீர். மூன்று சுற்று. கொல்லை முழுக்க நாற்றம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது முறை வெறும் தண்ணீர் நிரப்பி ஸ்ட்ரிப்பை நனைத்தபோது ஏழரை. அப்பா அதைக் கிழித்த டிக்கெட் மாதிரி நோட்டுக்குள் பத்திரமாகச் சொருகிக்கொண்டார்.

பழகிய ஃபில்டரோடு சேர்த்து 11 மீனும் மாசிக் கடைசியில் தொட்டிக்குத் திரும்பின.

அதற்குப் பிறகு பிரச்னையே இல்லை என்று எழுத ஆசைதான். ஒரு நாள் மீன்கொத்தி வந்தது, வலை கட்டினோம். தண்ணீர்ப் பாம்பு ஒன்று வந்தது. அதை அம்மா பார்த்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் தண்ணீர் பச்சையாகி, விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். ராத்திரியில் பாசியும் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். தென்னங்கீற்றில் பாதித் தொட்டிக்குப் பந்தல் போட்டு, ஏர் பம்பை ராத்திரி முழுக்க ஓடவிட்டதும் சரியாயிற்று. தீனி, 2 நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவுதான். இட்லிக்குத் தடை.

இடையில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர், "தொல்லையா இருந்தா கண்மாய்ல விட்டுருப்பா" என்றார். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். 2021-ல் அமெரிக்காவின் பர்ன்ஸ்வில் நகரில் ஏரியில் யாரோ விட்ட தங்கமீன்கள் ஃபுட்பால் சைஸுக்கு வளர்ந்து அடிமண்ணைக் கலக்க, நகர நிர்வாகமே 'தயவுசெய்து விடாதீர்கள்' என்று மக்களைக் கெஞ்சியது. நம் ஊரில் 'டேங்க் கிளீனர்' மீன் ஏரிகளில் பெருகிக் கிடப்பதும் இப்படித்தான்.

நல்ல தண்ணீரில் தங்கமீன் பல வருஷம் வாழும். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற மீன் 1999 வரை, 43 வருஷம் இருந்தது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ எனக்கு அப்புறம் நீதான் பாத்துக்கணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தீனி டப்பாவை மூடினார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அந்தப் பழைய கட்டுரை இன்னும் இணையத்தில் இருக்கிறது. திருத்தச் சொல்லி இரண்டு முறை மெயில் போட்டேன், பதில் இல்லை. அதைப் படித்து வேறு யாராவது தொட்டி கட்டியிருந்தால், இது அவர்களுக்கும்தான்.

ஐப்பசி மழை பெய்த வாரம், காலை 6 மணிக்கு அப்பா கூப்பிட்டார். பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"பாப்பா, இருப்பு பதினொண்ணுதான். ஆனா பாசிக்குள்ள கறுப்பா, பொடுசா என்னமோ ஓடுது. தலைப்பிரட்டையா இருக்குமோ?"

தங்கமீன் குஞ்சுகளுக்கு முதலில் தங்க நிறம் இருக்காது, கறுத்துதான் இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை.

"கண்ணாடி போட்டு நல்லாப் பாத்துச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"இரு, நோட்டை எடுத்துட்டு வர்றேன்" என்றார்.