இரண்டு கார்கள்

1963-ல் என் நண்பர் வீட்டில் இரண்டு மோரிஸ் மைனர்கள் நின்றன. அவருடையது கூரை போட்ட வண்டி. தம்பியுடையது துணி டாப்பை மடக்கிவிட்டால் ஆகாயம் தெரிகிற வண்டி. 1948-ல் மைனர் வெளிவந்தபோதே இந்த இரண்டு உருவமும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை அழைத்துவர, "எது வேண்டும், சொல்லும்" என்றார் நண்பர்.

முன் ஸீட்டில் பெரிய வித்தியாசமில்லை. பின்னால்தான் சங்கதி. மடக்கிய டாப்பும் அதன் கம்பிகளும் எங்காவது போய் உட்கார வேண்டுமே! தோளுக்கு உள்ள இடத்தைத்தான் இருபுறமும் பிடித்துக்கொள்கின்றன. டாப்பை ஏற்றினாலோ, காற்றில் துணி படபடக்கிற சத்தத்தில் பேச்சு கேட்காது. மூடின காரில் தலை சாய்க்க மூலை உண்டு, தூசி இல்லை. நோயாளிக்கு அதுதான் சரி என்று அதையே கொண்டுவரச் சொன்னேன்.

அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இது வேண்டாம்டா. ஆறு வாரமா விட்டத்தையே பார்த்துண்டு படுத்திருந்தேன்."

நண்பர் ஒன்றும் சொல்லாமல் போய் மற்றதை ஓட்டிவந்தார். பின் ஸீட்டில் நானும் அவளும் தோள் இடிக்க உட்கார்ந்தோம். கடற்கரைச் சாலை நெடுக அவள் புடவைத் தலைப்பு என் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. வீடு வரும்வரை அவள் தலையைக் குனியவில்லை.