முன் சக்கரத்துக் கறுப்பு

கள்ளக்குறிச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே அம்மா, மாமா, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். நீ வெள்ளிமலைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து போனில் ஒரு விஷயத்தை முழுசாகப் பேச முடிவதில்லை. பாதியில் சிக்னல் அறுந்துவிடுகிறது. அதனால் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

அலாய் வீலுக்கு சீலன்ட் போடலாமா என்று கேட்டாய். தாராளமாகப் போடு. ஆனால் அதைப் போட்டால் அழுக்கே ஒட்டாது என்று கடைக்காரர்கள் சொல்வதை (நாங்களும் கடைக்காரர்கள்தான், அது வேறு) நம்பாதே. ஒட்டத்தான் செய்யும். ஒட்டியது வெறும் ஷாம்புத் தண்ணீருக்கே விட்டுக்கொடுத்துவிடும், அவ்வளவுதான். தினம் மலை ஏறி இறங்குகிற உனக்கு அது போதும்.

முன் சக்கரம் மட்டும் ஏன் கறுக்கிறது, வண்டியில் கோளாறா என்றும் கேட்டாய். கோளாறு ஒன்றுமில்லை. உன் காரில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்மில் தேய்கிற தூள் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். டிஸ்க் திறந்து கிடப்பதால் தூள் நேரே வீல் மேல் வந்து விழும். அதிலும் கச்சிராயபாளையத்துக்கு இறங்கும்போது பாரமெல்லாம் முன்பக்கம் சாய்கிறது, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கிறாய். பிரேக் பேடும் வார்ப்பிரும்பு டிஸ்க்கும் உரசி உதிர்கிற பொடி சுடச்சுட வந்து வீலின் கிளியர் கோட் பூச்சு மேல் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி பனி இறங்கினால் அதில் இருக்கிற இரும்பு துருப்பிடித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஸ்போக் வளைவு ஓரமாகப் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளி இருக்கும் பார், நகத்தால் சுரண்டினாலும் வராது. அதுதான் இது. இந்தத் தூளையும் மாசுக் கணக்கில் சேர்த்து ஐரோப்பாவில் 2024-ல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள். பெட்ரோல் கார் என்றால் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் உதிரக்கூடாதாம். நம் மலைப்பாதையில் அதை அளந்து பார்த்தால் தெரியும் சேதி.

சீலன்ட் பூசுவது பெரிய வேலை இல்லை. அதற்கு முன்னால் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது எல்லாம். அழுக்கு மேலேயே பூசினால் அழுக்கைப் பத்திரமாகப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். மலை இறங்கிய சூட்டோடு ஆரம்பிக்காதே. நிழலில் நிறுத்தி, வீலில் உள்ளங்கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிடு. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கு. கரும்பு வெட்டுக் காலத்தில் ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டில் இறைக்கிற மண் சும்மா போகாது, ஊறவிட்டுக் கழுவு. பிறகு ஷாம்பு. அதற்குப் பிறகும் நிற்கிற பழுப்புப் புள்ளிக்கு அயர்ன் ரிமூவர். தெளித்த கொஞ்ச நேரத்தில் புள்ளி இருந்த இடத்திலிருந்தெல்லாம் ஊதா நிறத்தில் கோடு கோடாக வழியும். பயப்படாதே, மருந்து இரும்போடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், கையுறை போட்டுக்கொள், காய்வதற்குள் கழுவிவிடு. கடைசியில் துணியால் ஒற்றி எடு. நம் போர் தண்ணீரைத் தானாகக் காயவிட்டால் உப்புப் புள்ளி விழும்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பாஞ்சில் கடலைப்பருப்பு அளவு சீலன்ட் எடுத்து மெல்லிசாகப் பூசு. மங்கலாகக் காய்ந்ததும் வேறு துணியால் துடை. அன்றைக்கு முழுக்க நனையக்கூடாது. ஸ்ப்ரே வகை மட்டும் வேண்டாம். டிஸ்க் மேல் பட்டால் பிரேக் வழுக்கும், நீ ஓட்டுகிற ரோட்டில் அது விளையாட்டில்லை.

கார்னாபா மெழுகு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பாய். அது 80 டிகிரியைத் தாண்டினால் உருகிவிடும். இறக்கத்தில் டிஸ்க் சில நூறு டிகிரிகூட ஏறும். வீலுக்கு அத்தனை வராது என்றாலும் மெழுகு நிலைக்காது. பாலிமர் சீலன்ட் சில மாதம் தாங்கும். செராமிக் இன்னும் அதிகம்தான், ஆனால் உன் பொறுமைக்கு அது சரிப்படாது. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் படர்ந்து நின்றதென்றால் மறுபடி பூசுகிற நேரம் வந்துவிட்டது.

உன்னுடையது டைமண்ட் கட் வீல். முகப்பைக் கடைசலில் சீவி, வெறும் அலுமினியத்தின் மேல் லாக்கர் மட்டும் அடித்திருப்பார்கள். ஜல்லி தெறித்து லாக்கர் உடைந்தால் ஈரம் அடியில் புகுந்து வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடமாகப் படரும். அதற்குச் சீலன்ட் மருந்தாகாது, மறுபடி கடைசல்தான். அதையும் அடிக்கடி பண்ண முடியாது, உலோகம் தேய்ந்துகொண்டே போகும். அதனால் பச்சை நார் போட்டுத் தேய்க்காதே. வாட்டர் வாஷில் விட்டால், ஆசிட் கலந்த வீல் கிளீனர் அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. நிமிஷத்தில் பளிச்சென்று காட்டும், லாக்கரை அரித்துவிடும். டீசலில் துடைத்துத் தருகிறேன் என்பவரிடமும் கும்பிடு போட்டு வந்துவிடு, டயர் ரப்பருக்கு ஆகாது. ஆயுத பூஜைக்கு அம்மா சக்கரத்தில் சந்தனம், குங்குமம் வைக்காமல் விடமாட்டாள். வைக்கட்டும், மறுநாளே கழுவிவிடு. ஊறினால் மஞ்சள் கறை நிற்கும்.

மாமா சொல்லச் சொன்னது ஒன்று: இறக்கத்தில் இரண்டாம் கியரில் வா, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதே. தூளும் குறையும், பேடும் நிற்கும்.

வீலைக் கழற்றாமல் அதன் உள்பக்கத்தை முழுசாகச் சுத்தம் செய்ய முடியாது. டயர் மாற்றிப் போடுகிற கணக்கும் வந்துவிட்டது, ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடைக்கு வா. நாலையும் கழற்றி உள்ளேயும் பூசித் தந்துவிடுகிறோம். அன்றைக்கு இங்கேயே தங்கும்படி வா, பூசியது காயணும். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் வீல் நட்டுகளை ஒரு தடவை ஸ்பானர் போட்டுப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா