ஆழத்துக்குக் கூலி இல்லை

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் தகட்டில் செய்த பாம்பும் தேளும் விற்பார்கள். வீட்டில் விஷப்பூச்சி அண்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டவர்கள் அவற்றை வாங்கி உண்டியலில் போடுவார்கள். மெல்லிய தகட்டை அச்சில் வைத்து ஒரே அடி, தேள் தயார். பக்கத்துத் தெருவில் பாத்திரக் கடை வாசலில் கோணி விரித்து உட்கார்ந்திருப்பவருக்கோ ஒரு பெயரை முடிக்க நூற்றுக்கணக்கான அடி வேண்டும். அவர் பாத்திரத்தில் பேர் வெட்டுபவர்.

நான் அவரிடம் போனது துப்பாக்கியைப் பற்றிப் பேச. துப்பாக்கிக் குழலில் எண்ணும் முத்திரையும் எப்படி ஏறுகின்றன என்று படித்துக்கொண்டிருந்தேன். உருண்டையான உலோகத்தில் எழுதுவதன் சிரமம் என்ன என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் பிடிபடவில்லை. அது தெரிந்தவர் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"துப்பாக்கியா? அதுவும் குழாதானே, குடமும் வளைவுதானே. உக்காருங்க தம்பி" என்றார்.

முதலில் அவருடைய அய்யா வைத்திருந்த சாமான்களைக் காட்டினார். விரல் நீள உளிகள் நாலைந்து, கைப்பிடி தேய்ந்த சின்னச் சுத்தியல், சாணைக்கல். பித்தளைக்கும் செம்புக்கும் இன்றும் இவைதான். உளியின் வாய் ஒரு நெல் அகலம்கூட இருக்காது. அதைச் சற்றே சாய்த்துப் பிடித்து மெல்லத் தட்டிக்கொண்டே நகர்த்துகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு கீறல். கீறல்கள் வரிசையாகச் சேர்ந்தால் எழுத்து.

"நட்டமா வச்சு அடிச்சா குடம் நசுங்கும். ரொம்பச் சாய்ச்சா வழுக்கிட்டு ஓடிரும். அந்தச் சாய்மானம் கைக்கு வரதுக்கே வருசமாகும்" என்றார்.

தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம். அவர் ‘ணை’ வெட்டும்போது கவனித்தேன்: உளி பிடித்த கை அநேகமாக இடம் மாறவே இல்லை. இடது முழங்கையும் தொடையுமாகச் சேர்ந்து குடத்தைத்தான் திருப்புகின்றன. அடியில் கோணிச்சாக்கு மடித்துப் போட்டிருப்பதும் அதற்காகவே. குடம் அசையாமலும் இருக்க வேண்டும், நினைத்த நேரத்தில் திரும்பவும் வேண்டும். துப்பாக்கியில் சித்திர வேலை செய்யும் ஐரோப்பியக் கைவினைஞர்களும் உருண்டு திரும்பும் பிடிகளில்தான் வேலைப் பொருளை இறுக்குகிறார்கள். நம் பொற்கொல்லர்கள் அரக்கில் பதித்துக்கொள்வார்கள். இவருக்குத் தொடையே பிடி.

எவர்சில்வருக்கு மின்சார ஊசி. பேனா போலப் பிடிக்கும் கருவிக்குள் ஒரு கம்பிச்சுருள். மாறுமின்சாரம் அதில் பாயும்போது முனை முன்னும் பின்னும் துடிக்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இழுப்பு. ஆகவே நொடிக்கு 100 குத்து. முனை டங்ஸ்டன் கார்பைடு. நெல்லைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பித்தளை பின்வாங்கி எவர்சில்வர் ஏறிய காலத்தில் இந்த ஊசி வந்தது. 1981-இல் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கிவிட்டது.

"எவர்சில்வர் ஒரு முரட்டுப் பய. ஒரே இடத்துல ரெண்டு தடவை போனா இறுகிரும். பொறவு ஊசி ஏறாது, சறுக்கும். முதல் போக்குலயே எழுத்து முடிஞ்சிரணும்" என்றார். உலோகவியலும் இதையேதான் சொல்கிறது: நிக்கலும் குரோமியமும் கலந்த அந்த எஃகு, அடிபட அடிபடக் கெட்டிப்படும் சாதி.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இரும்புக் கடையில் எண் அச்சு (பஞ்ச்) கிடைக்கிறதே, வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தால் ஆயிற்றே? அவர் சிரித்தார். தடித்த இரும்புக்கு அது சரி. மெல்லிய குடத்தில் அடித்தால் உள்பக்கம் புடைக்கும். துப்பாக்கிக் குழலிலும் இதே சங்கடம் உண்டு. சுவர் மெலிந்த இடத்தில் பலமாக முத்திரை அடித்தால், குண்டு போகும் உள்வழியில் மேடு எழும்பும். அதனால்தான் முத்திரைகள் பெரும்பாலும் வெடிமருந்து வெடிக்கும் பின்பகுதியில், சுவர் தடித்த இடத்தில் இருக்கின்றன. கொல்கத்தா அருகே இச்சாப்பூரில் செய்த பழைய ரைஃபிள்களில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் ஆண்டும் தோளில் வைக்கும் கட்டைக்கு முன்னால் உள்ள கனத்த எஃகு வளையத்தில் அடிக்கப்பட்டிருக்கும். 1966-இல் தொடங்கிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை வரை, எங்கே செய்தாலும் எண் இல்லாமல் ஆயுதம் வெளியே போக முடியாது.

இந்த வட்டாரத்தில் அந்த எண்ணைக் காவல் நிலையத்தில்தான் அதிகம் படிப்பார்கள். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்றவர்களிடம் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதில் எழுதும் எண்ணும் குழலில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

பேர் வெட்டுபவரிடமும் அப்படி ஒரு ஆள் வந்திருக்கிறார். தோட்டக்காரர்; பாட்டன் காலத்துத் துப்பாக்கி; துருவேறி எண் மங்கிப்போயிற்று. "மேலாக ஒரு இழுப்பு இழுத்துக் கொடுங்கன்னாவ. எங்க அய்யா இருந்தாவ அப்பம். தொடவே மாட்டேன்னுட்டாவ. ஸ்டேசன்ல போய்ச் சொல்லுங்கன்னு அனுப்பிட்டாவ."

அய்யாவுக்குச் சட்டப் பிரிவு தெரிந்திருக்காது. செய்தது சட்டப்படி சரி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, துப்பாக்கியில் உள்ள பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் போலியாகப் பொறிப்பதும் குற்றம். அதைவிடக் கடுமையானது இன்னொன்று. அடையாளம் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

அழித்தாலும் எண் முழுதாகப் போவதில்லை. அச்சு வைத்து அடிக்கும்போது எழுத்தின் பள்ளத்துக்குக் கீழேயும் எஃகின் மணிகள் நசுங்கி உருமாறியிருக்கும். மேல்பரப்பை அரத்தால் ராவித் தள்ளியவன் பள்ளத்தைத்தான் ராவினான்; நசுங்கல் உள்ளே இருக்கிறது. தடய அறிவியல் கூடத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, தாமிர குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலால் துடைத்தால், நசுங்கிய எஃகு வேறு வேகத்தில் அரிபடும். மறைந்த எண் மெல்லத் தெரியவரும். ஊசியால் மேலோட்டமாகக் கீறிய எழுத்திலும் லேசர் சுட்ட எழுத்திலும் இந்த ஆதாரம் குறைவு. கீழே அவ்வளவு நசுங்கல் இல்லை. அமெரிக்காவில் 2002 முதல் துப்பாக்கி எண் குறைந்தது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆழம் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தலைமுடியின் தடிமன் அளவுதான். அந்தத் தடிமனுக்குள் வழக்கே அடங்கியிருக்கிறது.

குடத்திலும் வழக்குதான். அவர் வெட்டும் வரிகளைப் பார்த்தால் தெரியும்: தலைப்பெழுத்தோடு பெயர், ஊர், தேதி, ‘அன்பளிப்பு’, சில சமயம் தாய்மாமன் பெயர். சீர்ப் பாத்திரத்தில் மாப்பிள்ளை பெயரை யாரும் வெட்டச் சொல்வதில்லை. பெண்ணின் பெயரும் அவள் அப்பாவின் தலைப்பெழுத்தும்தான். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில், கல்யாண வீட்டுக்கு இரவல் கொடுத்த அண்டா திரும்பி வருகையில், ஒரு பெண் புகுந்த வீட்டிலிருந்து தன் சாமான்களைக் கேட்டு வாங்குகையில், அந்த வரிதான் பேசும். பேப்பரில் எழுதிய சீர்ப்பட்டியல் தொலைந்துபோகும்.

இங்கும் அழிக்கும் சக்தி ஒன்று உண்டு, தினமும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள், எவர்சில்வரைக் கம்பி நாரால். மேலாகக் கீறிய பெயர் சில வருடங்களில் மங்கிவிடும்.

கூலி எப்படி என்று கேட்டேன். பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டுவது இலவசம். உருப்படிக்கு இவ்வளவு என்று கடைக்காரர் இவருக்குக் கொடுத்துவிடுவார். எழுத்து கூடினாலும் ஆழம் கூடினாலும் அதே காசு. முகூர்த்த மாதங்களில் சாமான் மலையாகக் குவியும். ஆழமாக வெட்டினால் உருப்படி குறையும், கூலியும் குறையும். லேசர் வந்தால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். "வரட்டும். சின்ன டிபன் டப்பாவுக்கு அது நல்லது. கோயில் அண்டாவை எந்த மெசினுக்குள்ள தூக்கி வைப்பாவ?" என்றார்.

துப்பாக்கிக்கு ஆழத்தை அரசாங்கம் விதிக்கிறது, மீறினால் தண்டனை. குடத்துக்கு விதி கிடையாது, சோதிக்கும் அதிகாரியும் கிடையாது. எவ்வளவு ஆழம் என்பதை வெட்டுபவரே முடிவு செய்கிறார், அதுவும் தன் கூலியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து. ஏன் அப்படி என்று கேட்டதற்கு அவர் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "பேரு போயிட்டுன்னா கடைக்காரரையா கேப்பாவ? வெட்டுனவன் யாருலன்னுதானே கேப்பாவ" என்றார், அடுத்த குடத்தை இழுத்துக்கொண்டே.